பரங்கிப்பழம் கைமாறிய நாள்

கண்விழித்தபோது மிரானின் மடி கனத்துக்கொண்டிருந்தது. நான்கு வயது சோல்தான் தலையை வைத்துத் தூங்குகிறான் என்று நினைத்துத் தடவிப் பார்த்தாள். வெறும் போர்வை. சோலோ, அறையின் மறுகோடியில், தரையில் விரித்த மெத்தையில், அப்பா தேஹோவின் முதுகின்மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு கிடந்தான். அக்காவான ஆறு வயது தான்பி தலையணையை விட்டு நழுவி, சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். கனம் மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை.

கனவு அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. கடல் உள்வாங்கிப்போன சேற்றில் அவள் வெறுங்கையால் தோண்டுகிறாள். விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. விலக்க விலக்க மஞ்சளாக, உருண்டையாக, ஒரு பெரிய பரங்கிப்பழம். சேற்றுக்கடியில் பரங்கி எப்படிக் காய்க்கும் என்று கனவுக்குள் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அகலமான பாவாடையை விரித்து அதில் ஏந்திக்கொண்டாள். கல்யாணத்தன்று உடுத்தியதோடு சரி, அப்படி ஒரு பாவாடை அவளிடம் இப்போது கிடையாது. பழம், சற்றுமுன் யாரோ கையில் வைத்திருந்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

இது என்ன கனவு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வரப்போகிறது என்று முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போகும் கனவு. பெறப்போகிறவளுக்கே வரும், சில சமயம் அத்தைக்கு வரும், பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட வரும். தான்பிக்கு முன்னால், ஒரு புலிக்குட்டி சமையலறைக்குள் புகுந்து அரிசி டப்பாமேல் ஏறி உட்கார்ந்ததாகக் கனவு கண்டவள் தேஹோவின் அத்தை. சோலுக்கு முன்னால் மிரானே கண்டாள்: துணி துவைக்கும் மிஷினுக்குள் ஒரு சிவப்புக் கெண்டை சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குத் தங்கள் பிறந்தநாளைப் போல இவையும் மனப்பாடம். சண்டை வந்தால், "போடா, மிஷின்ல சுத்தின மீனு" என்பாள் தான்பி. அவனுக்கு அழுகை வந்துவிடும்.

இந்த மூன்றாவது கனவு யாருக்கு? அவளுக்கு இருக்க வழியில்லை. சோல் பிறந்த மறுவருஷமே தேஹோ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து, "கடைய மூடியாச்சு" என்று சொல்லி, ஐஸ் பொட்டலத்தோடு இரண்டு நாள் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அப்படியானால் இந்த விடுமுறை வீட்டில் மிச்சம் இருப்பது ஒருத்திதான். பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அவள் தங்கை நாரே.

நாரேக்கு இரண்டு தடவை கரு தங்கியது. இரண்டு தடவையும் நிலைக்கவில்லை. ஊசிகள், மாத்திரைகள், காத்திருப்புகள் எல்லாம் முடிந்து, இந்தப் புத்தாண்டு விருந்தில் பெரியம்மா ஒருத்தி ஏதோ கேட்கப்போக, நாரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "இனிமே யாரும் எங்கிட்ட எதுவும் கேக்க வேணாம்." யாரும் கேட்கவில்லை. மிரான் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனாள். தங்கையோடு போனில் பேசும்போது, முள் நிறைந்த மீனைத் தின்பவளைப் போல ஒவ்வொரு வார்த்தையையும் நாக்கால் தடவிப் பார்த்தே வெளியே விட்டாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இந்த மேற்குக் கடற்கரைப் பயணத்துக்கு நாரே வருகிறேன் என்றதே பெரிய விஷயம். அவள் கணவனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை; தனியாகத்தான் வந்தாள்.

கனவை விற்கலாம். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வாங்குகிறவள் தன்னுடையது ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும், கர்ச்சீப்போ சீப்போ எதுவானாலும் சரி. கொடுத்த பிறகுதான் கனவு என்னவென்று கேட்கலாம். சும்மா கொடுத்தால் ஒட்டாது. முன்னாலேயே சொல்லிவிட்டால் ஆவியாகிவிடும். 'நாரே, எங்கிட்ட ஒரு கனவு இருக்கு, வாங்கிக்கறியா' என்று கேட்டால் போதும். ஆறு வார்த்தை. அந்த ஆறு வார்த்தையில் ஆறு மாதக் கட்டுப்பாடு உடைந்துபோகும். உடைந்து, கனவும் பலிக்காமல் போனால்?

யோசித்து முடிப்பதற்குள் சோல் எழுந்து வந்து வயிற்றின்மேல் குதித்தான்.

"அம்மா, கடல் போயிடுச்சா?"

"இன்னும் போகல. மெதுவா."

"போயிடுச்சுன்னா நாம எப்படிப் போறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தேஹோ இரண்டு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தான். சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பிடிப்பது, மத்தியானம் சைக்கிள், பிறகு முற்றத்துக் காற்றடைத்த குளம், சாயங்காலம் அடுப்பு மூட்டி இறைச்சி. ஆபீஸில் யாரும் அவன் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் விடுமுறையில் மட்டும் அவன் படைத்தளபதி. வாசலில் ரப்பர் பூட்ஸ்கள் அளவு வாரியாக நின்றன. வாளி, சின்ன மண்வெட்டி, இரண்டு பாட்டில் உப்பு.

நாரே சமையல் மேடையில், கடற்பாசித் தாளில் சுருட்டிய சோற்றை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஓரத்துத் துண்டுகளைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓரம்தான் ருசி என்பாள். முகம் தெளிவாக இருந்தது. மிரான் பக்கத்தில் போய் நின்று ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். தட்டு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நாரே."

"ம்."

"உங்கிட்ட ஒண்ணு..."

"சித்தி, சோல், அப்பா பூட்ஸ்ல தண்ணி ஊத்திட்டான்," என்றாள் தான்பி வாசலிலிருந்து. "மீன் வளக்கறானாம்."

நாரே கத்தியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். மிரான் அந்தத் தட்டை இன்னொரு முறை துடைத்தாள்.

கடல் நிஜமாகவே போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சாம்பல் நிறச் சேறு, அதில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் குனிந்திருந்தார்கள். மீனவர் சங்கத்துப் பெண்மணி ஒருத்தி ஒலிபெருக்கியில், "சிவப்புக் கொடியத் தாண்டாதீங்க, விசில் அடிச்சா உடனே கிளம்புங்க, செல்போனைத் தொலைச்சவங்க எங்கிட்ட வராதீங்க, கடல்கிட்ட கேளுங்க" என்று சலிப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாரேக்கு அந்த வேலை கைவந்தது. மண்வெட்டியால் சேற்றின் மேல்தோலை ஒரு வீச்சில் சீவுவாள். சாவித் துவாரம்போல் ஒரு ஓட்டை தெரியும். அதில் உப்பைக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே குமிழி விடும். பிறகு, விரல் நீள மட்டி ஒன்று, 'யாருடா அது' என்று கேட்பதுபோல் விசுக்கென்று பாதி உடம்பை வெளியே நீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். இறுக்காமல் பிடித்து, அது தளரும்வரை பொறுத்து எடுக்க வேண்டும்.

"உப்பு பிடிக்கலையா அதுக்கு?" என்றான் சோல்.

"கடல் திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சு எட்டிப் பாக்குது," என்றாள் நாரே.

"ஏமாத்தறோமா?"

"ஆமா."

சோல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் ஏமாத்தறேன், குடு," என்று உப்புப் பாட்டிலுக்குக் கை நீட்டினான்.

அவனைத் தேஹோ வேறு பக்கம் கூட்டிப்போனான். தான்பி தன் ஓட்டையைத் தேடிப் போனாள். அக்காளும் தங்கையும் மட்டும் ஒரு ஓட்டையின் இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. காற்றில் உப்பு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று மிரானுக்குத் தெரிந்தது.

"காலையில..."

"ஷ். வருது." மட்டி தலைகாட்டியது. நாரே பிடித்தாள், பொறுத்தாள், எடுத்தாள். வாளியில் போட்டுவிட்டுக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்ன சொல்ல வந்தே?"

அவளாகவே கேட்டுவிட்டாள். கண்களில் ஒரு ஒளிவு மறைவும் இல்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் மிரான். "தொப்பியப் போட்டுக்கோ, வெயில் ஏறுது."

நாரே அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அகன்ற விளிம்புள்ள தன் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் அமுக்கிக்கொண்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள்.

பயம்தான் காரணம் என்று மிரான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் பயத்துக்குக் கீழே வேறெதுவோ இருந்தது. அவள் அதைச் சீவிப் பார்க்க விரும்பவில்லை.

அப்போதுதான் சோல் சிக்கிக்கொண்டான். முழங்கால்வரை சேறு. அவன் அழவில்லை, "நான் மரமாயிட்டேன்" என்று அறிவித்துக்கொண்டிருந்தான். மிரான் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். தேஹோ பூட்ஸைப் பிடித்துக்கொண்டான். தூரத்தில் விசில் ஊதியது.

அந்த நேரம் பார்த்துத் தான்பி பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நீ தூக்கத்துல சிரிச்ச."

"அப்படியா."

"கனவு கண்டியா?"

"கண்டேன். சோல், கால மடக்காத."

"நல்ல கனவா?"

"ரொம்ப நல்ல கனவு. மடக்காதேன்னா."

"அப்ப எனக்கு வித்துடு." தான்பி தன் தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கிளிப் ஒன்றைக் கழற்றி அம்மாவின் சட்டைப் பைக்குள் போட்டாள். "குடுத்துட்டேன். வித்தாச்சா?"

"வித்தாச்சு, வித்தாச்சு, அந்த வாளியப் பிடி."

சோல் பொதுக்கென்று வெளியே வந்தான். ஒரு பூட்ஸ் வந்தது, இன்னொன்று கடலுக்கே போயிற்று.

கால் கழுவும் இடத்தில், குழாயடியில் தான்பியின் விரலிடுக்குச் சேற்றை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "இப்ப சொல்லு. என் கனவு என்ன?"

மிரானின் கை நின்றது. பையைத் தொட்டுப் பார்த்தாள். கிளிப் இருந்தது.

"தான்பி, அது விளையாட்டுக்கு..."

"நான் விளையாடல." தான்பியின் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. "நீதான் வித்தாச்சுன்னு சொன்ன. ரெண்டு தடவ சொன்ன."

பக்கத்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்த தேஹோ எட்டிப் பார்த்தான். "என்ன வித்தே?"

"கனவு," என்றாள் தான்பி.

"குடுத்தது குடுத்ததுதான், தான்பி அம்மா. அதுல பொய் சொல்லக் கூடாது," என்றான் மிரானிடம். இந்த மாதிரி விஷயங்களில் அவன் அவளைவிடத் தீவிரம். பரீட்சை அன்றைக்குக் கடற்பாசிக் கஞ்சி குடித்தால் பாஸாகாமல் வழுக்கிவிடும் என்று, முப்பத்தைந்து வயதில் கார் லைசன்ஸ் எடுக்கப் போனபோதுகூடத் தொடாதவன்.

வேறு வழியில்லாமல், மகளின் காதில் மிரான் சொன்னாள். தான்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் இடிக்காமல், மெதுவாக நடந்து போனாள்.

மத்தியானம் சைக்கிள். கடலோரப் பைன் மரங்களுக்கு நடுவே பாதை. இரட்டைச் சைக்கிளில் நாரேயும் தான்பியும் முன்னால் போனார்கள். மிதிப்பது முழுக்க நாரே, மணி அடிப்பது முழுக்கத் தான்பி. பின்னால், துணிக்கூரை போட்ட நாலு சக்கர மிதிவண்டியில் மிரானும் தேஹோவும். முன்கூடையில் சோல் சேறு காய்ந்த காதுகளோடு தூங்கிப்போயிருந்தான்.

"பரங்கிப்பழமா?" என்றான் தேஹோ மூச்சு வாங்கிக்கொண்டு. மிரான் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "எவ்வளவு பெருசு?"

"இவ்வளவு."

"கைய விடாத, வண்டி இழுக்குது. அவ்வளவு பெருசா? அதக் கொண்டுபோய் ஒரு ஆறு வயசுக்காரிக்கு வித்துட்டு வந்திருக்கே. அவ பொம்மைக்குப் பொறக்கும் பாரு."

"திருப்பிக் கேட்டேன். ஐஸ்கிரீம் தரேன்னேன். 'ஐஸ்கிரீமுக்கெல்லாம் கனவ விக்க மாட்டேன்'னு சொல்றா."

"நாரேகிட்ட காலையிலயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"அவ கேக்க வேணாம்னு சொல்லியிருக்கா."

"கேக்கத்தான் வேணாம்னா. குடுக்க வேணாம்னு சொல்லலையே."

மிரான் பெடலை மிதித்தாள். கிளிப் கைமாறிய விநாடியிலிருந்து தனக்குள் என்ன நடக்கிறது என்று அவள் மெல்ல மெல்லக் கவனித்துக்கொண்டிருந்தாள். வருத்தம் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வந்தது ஒரு நிம்மதி. இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். கனவு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தன் மகளிடம், அதாவது கிட்டத்தட்டத் தன்னிடம். அந்த நிம்மதியைக் கண்டதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலையில் சமையல் மேடையில் வாய் அடைத்தது சோலால் அல்ல. சேற்றில் தொப்பியைப் பற்றிப் பேசியது தங்கையின் மனம் நோகுமே என்பதால் மட்டுமல்ல.

"தான்பி அப்பா."

"ம்."

"எனக்கே வச்சுக்கணும் போல இருந்துச்சு."

தேஹோ மிதிப்பதை நிறுத்தினான். வண்டி தானாகக் கொஞ்ச தூரம் உருண்டது. "இன்னொண்ணு வேணும்னு நெனக்கிறியா?"

"இல்ல." அவள் யோசித்துச் சொன்னாள். "வேணாம். இது ரெண்டையும் கழுவி எடுக்கறதுக்கே எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும். குழந்தை வேணும்னு தோணல. மடியில அந்தக் கனம்... அது மட்டும் வேணும் போல இருந்துச்சு. இனிமே அப்படி ஒரு கனவு எனக்கு வராதுல்ல."

அவன் அவள் மடியைப் பார்த்தான். அப்புறம் கூடைக்குள் தூங்குகிறவனைச் சுட்டிக்காட்டி, "இவனத் தூக்கி மடியில வச்சுக்க. பதினேழு கிலோ," என்றான். அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். இருவரும் மறுபடி மிதித்தார்கள். முன்னால் தான்பி மணி அடித்துக்கொண்டே போனாள்.

அதற்கப்புறம் குளம். குளத்தில் இருந்ததைவிட முற்றத்தில் அதிகத் தண்ணீர். சோலுக்கு முட்டியில் சிராய்ப்பு, அதற்கு மருந்து, மருந்துக்கு ஒரு அழுகை, அழுகைக்கு ஒரு ஜெல்லி. நாரே குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் துரத்தினாள். தேஹோவின் உலர்ந்த ஒரே சட்டையும் நனைந்தது. "அத்தான், அது வேணும்னு பண்ணல," என்றாள். "கை தானாத் திரும்பிடுச்சு." நாரே வாய்விட்டுச் சிரிப்பதை மிரான் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பார்க்கும்போது ஒரு திருடியைப் போல உணர்ந்தாள்.

வெயில் சாய்வதற்கு முன் தேஹோ அடுப்பு மூட்டினான். பன்றி இறைச்சி தகட்டில் சீறியது. மட்டிகள் வாய் திறந்தன. சோல் வாய் திறந்த ஒவ்வொன்றையும் பார்த்து, "இது இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் வாங்கிக்கொண்டிருந்தான். தான்பி முற்றத்தின் ஓரத்தில், கவிழ்த்த வாளியின்மேல் கிளிஞ்சல், பைன் காய், பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் பரப்பிக் கடை வைத்திருந்தாள்.

"சித்தி, வாங்க. என்ன வேணும்?"

"என்ன இருக்கு?" நாரே லெட்டூஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டியபடியே குனிந்தாள்.

"கிளிஞ்சல் இருக்கு. காய் இருக்கு. ஒரு கனவும் இருக்கு."

"கனவா?"

"புதுசு. இன்னிக்குக் காலையில வந்தது. அம்மாகிட்ட நான் வாங்கினேன்."

தேஹோ இடுக்கியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"என்ன கனவு?" என்றாள் நாரே.

"சொன்னாப் போயிடும். வாங்கினாத்தான் சொல்லுவேன். ஆனா..." தான்பி இரகசியம்போல் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வக்கிற கனவு."

நாரே நிமிர்ந்தாள். மிரானைப் பார்த்தாள். மிரான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இருந்த முகத்தோடு நின்றாள். நாரே இலைச் சுருளைத் தட்டில் வைத்துவிட்டு, "கடைய அப்படியே வச்சிரு. இதோ வரேன்," என்று தான்பியிடம் சொல்லி, உள்ளே போனாள்.

மிரான் பின்னாலேயே போனாள். நாரே சமையலறைத் தொட்டியில், ஏற்கெனவே கழுவிய இலைகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாரே."

"காலையிலேர்ந்து உன் மூஞ்சிய நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள் நாரே திரும்பாமல். "ஏதோ இருக்குன்னு தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ, உனக்கு ஏதாவது கட்டி கிட்டி வந்திருக்கோ, என்னெல்லாமோ யோசிச்சேன். கடைசியில கனவு. அதக் கொண்டுபோய்த் தான்பிக்கு வித்திருக்கே."

"அது தெரியாம நடந்துபோச்சு. சோல் கால்..."

"அதச் சொல்லல." தண்ணீரை நிறுத்தினாள். "மத்தவங்க எங்கிட்ட நடுங்கினா எனக்குப் பரவால்ல. அவங்களுக்காகத்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். நீயும் அந்த வரிசையில போய் நின்னுட்டே. போன் பண்ணினா வானிலை அறிக்கை வாசிக்கிறே. மழை வருமா, குளிரா இருக்கா, தொப்பியப் போட்டுக்கோ. அக்கா, எனக்கு உடம்புலதான் இழப்பு. நான் உடைஞ்ச கண்ணாடி இல்ல."

மிரான் வாசற்படியில் சாய்ந்து நின்றாள். ஆறுதலாகச் சொல்ல நல்ல வார்த்தைகள் சில இருந்தன. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான், உனக்கு வீணா ஆசை காட்டக் கூடாதுன்னுதான். எல்லாமே பாதி உண்மை. அந்தப் பாதியை இத்தனை மாதமும் கொடுத்துக் கொடுத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"உனக்காகப் பயந்தது நிஜம்தான்," என்றாள். "ஆனா இன்னிக்கு வாய மூடிட்டிருந்ததுக்கு அது மட்டும் காரணமில்ல. எனக்குக் குடுக்க மனசு வரல."

நாரே திரும்பினாள்.

"அவ்வளவு நல்லா இருந்துச்சு அந்தக் கனவு. உன்னோடதுன்னு தெரியும். தெரிஞ்சும் எனக்கே வச்சுக்கணும்னு தோணிச்சு. நீ சேத்துல கேட்டப்ப சொல்லியிருக்கலாம். சொல்லல. தான்பி வாங்கினதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு, உங்கிட்டயிருந்து ஒளிச்சு வச்சேன்."

சொல்லி முடித்ததும் காது சூடாகியிருந்தது. அடிக்கப்போகிறாள், இல்லை அழப்போகிறாள் என்று காத்திருந்தாள். நாரே கையிலிருந்த இலையை உதறினாள். வாயின் ஓரம் கோணியது.

"திருடி," என்றாள்.

"ஆமா."

"சின்ன வயசுல வறுத்த கடலைய ஒளிச்ச மாதிரி."

"அதுக்கும் மேல."

"அப்படின்னா," நாரே இலைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள், கைகள் கொஞ்சம் வேகமாகவே அடுக்கின, "நிஜமாவே நல்ல கனவாத்தான் இருக்கணும். பாவம் பாத்து ஒருத்தி தூக்கிக் குடுக்கற கனவு எனக்கு வேணாம். அது மாதிரி நெறைய வந்துச்சு. பலிக்குமோ பலிக்காதோ, உனக்கே விட மனசில்லாததுன்னா நான் வாங்கறேன்."

"இப்ப அது எங்கிட்ட இல்லையே."

"தெரியும். மொதலாளியம்மாவப் பாத்துட்டு வரேன்."

பேரம் சுலபமாக முடியவில்லை. தான்பி முதலில் விற்கவே மாட்டேன் என்றாள். காலையிலிருந்து பத்திரமாகச் சுமந்திருக்கிறாள், சைக்கிளில்கூட ஆட்டவில்லை. பிறகு, பார்க்கட்டும், என்ன தருவீங்க என்றாள். நாரே கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். நேரம் பார்க்கத் தெரியாது என்று தான்பி மறுத்துவிட்டாள். வாசனைக் களிம்பு, அது அம்மாகிட்டயே இருக்கு. கடைசியில் தான்பியே சித்தியின் தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைச் சுட்டிக்காட்டினாள்.

"இது நானும் சித்தப்பாவும் கல்யாணம் முடிஞ்சு ஊர் சுத்தப் போனப்ப வாங்கினது, தான்பி."

"அப்ப வேணாம் விடுங்க. நானே வச்சுக்கறேன்."

"பாத்தியா, அப்படியே உன்ன மாதிரி," என்றாள் நாரே அக்காவிடம். தொப்பியைக் கழற்றித் தான்பியின் தலையில் வைத்தாள். அது மூக்குவரை இறங்கியது.

தொப்பிக்கு அடியிலிருந்து தான்பி கனவைச் சொன்னாள். மிரான் சொன்னபடியே சொல்லவில்லை. பரங்கிக்கு ஒரு கொடி முளைத்திருந்தது, அது சிவப்புக் கொடியைத் தாண்டிப் போனது, விசில் அடித்தும் நிற்கவில்லை. அம்மா பாவாடையில் ஏந்தினாள். ஆனால் பரங்கி அவளைப் பார்த்து, நான் உங்க வீட்டுக்கு இல்ல, அங்க ஏற்கெனவே புலியும் மீனும் இருக்கு, இடம் போதாது என்று சொல்லிவிட்டது. மிரான் திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். கனவு இப்போது அவளுடையது இல்லை.

"கைய நீட்டுங்க," என்றாள் தான்பி. "இல்ல, கை இல்ல. மடி."

நாரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நனைந்த சட்டையின் விளிம்பை இழுத்து விரித்தாள். தான்பி முகம் சிவக்க எதையோ தூக்கிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் இறக்கி வைத்தாள். நாரே சிரிக்கவில்லை. விளிம்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தேஹோ அவசரமாக அடுப்பின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கருகிப்போன இறைச்சியைத் திருப்பிப் போட்டான்.

பிள்ளைகள் தொப்பிக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். மிரான் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடல் திரும்பி வந்திருந்தது. காலையில் சோல் மரமாக நின்ற இடத்தின்மேல் இப்போது அலை.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. கனவை ஒப்படைத்ததைவிட அது கடினமாக இருந்தது.

"இப்ப எப்படி இருக்கே?" என்று கேட்டாள். "நிஜமா."

நாரே தட்டில் ஆறிப்போயிருந்த இலைச் சுருளை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கினாள்.

"மொத தடவை ஆனப்ப, ஆஸ்பத்திரியில ஒரு நர்சு எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா," என்று ஆரம்பித்தாள். மிரானுக்குத் தெரியாது. அவள் கேட்டதே இல்லை.

நாரே சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முற்றத்தின் மறுபக்கம் சோல் குளத்துக்குள் மறுபடி இறங்கிவிட்டான், காய்ந்த துணியோடு.

"தான்பி அம்மா," என்று தேஹோ கூப்பிட்டான், ஒரு கையில் இடுக்கி, மறுகையில் தொப்பி. "இங்க கொஞ்சம் வாயேன்."

மிரான் எழுந்திருக்கவில்லை. "நீங்களே பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு, தங்கையின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு."